மறுகட்டுமானச் செலவு: சதுர அடி ரேட் போதுமா, அளவெடுத்தே ஆகணுமா?

#1 மூலைமட்டம்

வணக்கம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, கட்டட மதிப்பீடு செய்யும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். இன்சூரன்ஸுக்காக ஒரு வீட்டை மதிப்பிடும் வேலை முதல்முறையாக என்னிடம் தனியாக வந்திருக்கிறது. கீழும் மேலும் சேர்த்து 1,800 சதுர அடி. கீழ்த்தளத்தில் செங்கல் சுவர்களே பாரம் தாங்குகின்றன. மாடியில் பாதி, பின்னாளில் பில்லர் போட்டு ஏற்றியது. உள்ளே மரப்படிக்கட்டு. மனை சரிவில் இருப்பதால் பின்பக்கம் ஒரு தடுப்புச்சுவரும் உண்டு.

அலுவலகத்தில் மூத்தவர், "பரப்பை ரேட்டால் பெருக்கு, வயசுக்குத் தகுந்த தேய்மானத்தைக் கழி, முடிஞ்சது" என்கிறார். வீட்டுக்காரரோ, கடன் வாங்கியபோது வங்கியில் போட்ட மதிப்பையே எழுதச் சொல்கிறார். அந்தத் தொகை மூத்தவர் கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் எதை எடுப்பது? பொருள் கணக்கு போடுவதானால் எவ்வளவு ஆழமாகப் போகணும்?

#2 ரசமட்டம்

அவர்கள் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். உங்கள் கேள்வி இரண்டிலும் இல்லை.

வங்கி பார்த்தது, இந்தச் சொத்தை விற்றால் என்ன கிடைக்கும் என்பதை. அதில் மனையும் அடக்கம். வீடு முழுக்க எரிந்தாலும் மனை அங்கேயேதான் இருக்கும், அதற்கு எதற்கு பிரீமியம்? நல்ல இடத்தில் இருக்கும் வீட்டுக்குச் சந்தை விலை மறுகட்டுமானச் செலவைவிட எங்கோ மேலே நிற்கும். கேட்பாரற்ற இடத்தில் இருக்கும் பெரிய பழைய வீட்டுக்கு நிலைமை தலைகீழ்: விற்றால் கிடைப்பதைவிடத் திரும்பக் கட்ட ஆகும் செலவு அதிகம். இரண்டாவது வகையில்தான் வீட்டுக்காரர்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள்.

மூத்தவர் சொல்லும் தேய்மானத்துக்கு வருவோம். அதைக் கழிப்பதா வேண்டாமா என்பது பாலிசியைப் பொறுத்தது. புதிதாகக் கட்டித் தரும் அடிப்படையில் எடுத்த பாலிசி என்றால் தேய்மானமே கிடையாது, இன்றைய விலையில் முழுச் செலவும் வரணும். சேதமான நாளில் அந்தப் பொருளுக்கு இருந்த மதிப்பை மட்டும் தரும் பாலிசி என்றால் கழிக்கணும். முதலில் பாலிசி எந்த வகை என்று கேளுங்கள். டேப்பை அப்புறம் கையில் எடுக்கலாம்.

கழிக்க வேண்டி வந்தாலும் மொத்தத்துக்கும் ஒரே சதவீதம் போடாதீர்கள். பெயின்ட், வயரிங், கூரை, சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. கட்டடத்துக்கு 30 வயது என்பதற்காக, போன வருடம் மாற்றிய கூரைக்கும் 30 வருடத் தேய்மானம் போட்டால் எந்த வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்ளவும் கூடாது.

#3 சதுர_அடி

நான் மூத்தவர் கட்சி. இங்கே எல்லாரும் அளவெடு, பட்டியல் போடு என்று ஆரம்பித்துவிடுவீர்கள், தெரியும். ஒரு வீட்டுக்கு முழு அளவுப் பட்டியல் போட்டால் நாள்கணக்கில் இழுக்கும். அதற்கான கூலியை யார் தருகிறார்கள்? அதோடு சுவருக்குள் என்ன கம்பி, தரைக்குக் கீழே என்ன அஸ்திவாரம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை மூன்று தசம இடம் வரை எழுதி என்ன பிரயோஜனம்? சதுர அடி ரேட் ஓர் அனுபவ எண். நூறு வீடு கட்டிய அனுபவம் அதற்குள் இருக்கிறது.

#4 தூக்குக்குண்டு

நான் கிளெய்ம் பக்கம் இருப்பவன், நஷ்ட மதிப்பீடு செய்கிறேன். கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

திரும்பக் கட்ட 100 பங்கு ஆகும் வீட்டை 60 பங்குக்கு இன்சூர் செய்திருக்கிறார்கள் என்று வையுங்கள். சமையலறையில் தீ, சேதம் 20 பங்கு. "60 வரைக்கும் கவர் இருக்கே, 20 கொடுத்துவிடுவார்கள்" என்று வீட்டுக்காரர் நினைப்பார். எவ்வளவு குறைவாக இன்சூர் செய்தோமோ அதே விகிதத்தில் கிளெய்ம் தொகையையும் குறைக்கும் "சராசரி விதி" உள்ள பாலிசியில் கிடைப்பது 20 × 60/100, அதாவது 12. அதிலிருந்து அவர் சொந்தமாக ஏற்க வேண்டிய முதல் தொகையும் கழியும். மீதி 8 பங்குக்கு அவர்தான் இன்சூரன்ஸ் கம்பெனி.

குறைவாக இன்சூர் செய்தால் வீடே தரைமட்டமானால்தானே பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் வரும் கிளெய்ம்களில் பெரும்பாலானவை பகுதிச் சேதம்தான், அடியும் அங்கேதான் விழுகிறது. சில பாலிசிகளில் இந்த விதியே கிடையாது, சிலவற்றில் 80 அல்லது 85 சதவீதம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அதற்காக வங்கித் தொகையை எழுதுவதும் லாபமில்லை. 200 பங்குக்கு இன்சூர் செய்தாலும் கட்ட ஆகும் 100-க்கு மேல் வராது. பிரீமியம் மட்டும் இரண்டு மடங்கு போகும்.

#5 கரணை

சதுர_அடி நண்பரே, ரேட்டை நான் குறை சொல்லவில்லை. கான்ட்ராக்ட் எடுக்கும்போது நானும் அதைத்தான் முதலில் மனசில் போட்டுப் பார்ப்பேன். அந்த ரேட்டுக்குள் என்ன வடிவம், என்ன உயரம், என்ன இடம் இருக்கிறது என்று தெரிந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தெரியாமல் போடும்போதுதான் வம்பு.

40 × 40 அடி வீடு 1,600 சதுர அடி. 20 × 80 அடி வீடும் 1,600 சதுர அடிதான். முதலாவதின் சுற்றளவு 160 அடி, இரண்டாவதின் சுற்றளவு 200 அடி. வெளிச்சுவர், அதன் அஸ்திவாரம், பூச்சு, பெயின்ட், சாரம் எல்லாம் நேரே கால் பங்கு கூடுகிறது. பரப்பு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. எல் வடிவம், உள்முற்றம், துருத்திக்கொண்டு நிற்கும் அறை என்று போனால் இன்னும் ஏறும். தள உயரம் 10 அடிக்குப் பதில் 13 அடி என்றால் சுவர் வேலை 30 சதவீதம் கூடும். சதுர அடி ரேட்டுக்கு அது கண்ணிலேயே படாது.

சின்ன வீட்டுக்குச் சதுர அடிச் செலவு ஏன் அதிகம் வருகிறது? 600 சதுர அடி வீட்டிலும் ஒரு சமையலறையும் ஒரு குளியலறையும் இருக்கும். காசு தின்னும் இடங்கள் அவை இரண்டும்தான். பெரிய ஹாலில் சதுர அடியைக் கூட்டுவது சுலபம், அங்கே தரையும் கூரையும்தான்.

அப்புறம் அந்த ரேட் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெறும் மனையில் ஒரே சமயம் இருபது வீடு கட்டுபவரின் ரேட்டாக இருந்தால் பொருளை மொத்தமாக வாங்கியிருப்பார், லாரி வாசல் வரை போயிருக்கும். நாம் கேட்பது ஒற்றை வீடு. குறுகலான சந்து, ஜல்லியைத் தலைச்சுமையாகக் கொண்டு போகணும், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே நிற்கிறது. இதெல்லாம் புது மனை ரேட்டில் எங்கே இருக்கும்?

#6 மூலைமட்டம்

ரொம்ப நன்றி. பாலிசி நகலை வாங்கிப் பார்த்தேன். புதிதாகக் கட்டித் தரும் அடிப்படை, தேய்மானம் இல்லை. சராசரி விதி இருக்கிறது. அப்படியானால் அளவெடுத்துத்தான் போடப்போகிறேன். கரணை சார், எந்த அளவுக்கு விவரமாகப் போட்டால் போதும்?

#7 கரணை

வீட்டுக்கு ஆணி வரை எண்ண வேண்டாம். மொத்தச் செலவில் பெரும்பங்கு கொஞ்ச வேலைகளில்தான் இருக்கும்: அஸ்திவாரம், சுவர், கான்கிரீட், கூரை, தரை, கதவு ஜன்னல், குழாய், மின்சாரம், பூச்சும் பெயின்ட்டும். இவற்றுக்குப் பகுதி வாரியாக அளவு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருளும் கூலியும் சேர்ந்த ரேட் போடுங்கள். சதுர அடிக்கும் முழு அளவுப் பட்டியலுக்கும் நடுவில் நிற்கும் வழி இது. இன்சூரன்ஸ் வேலைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

சுவரை அளக்கும்போது மூலையை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள். 40 × 40 வீட்டுக்கு வெளிச்சுற்றளவு 160 அடி. சுவர் தடிமன் 9 அங்குலம் என்றால் நடுக்கோட்டு நீளம், நான்கு மூலைக்கும் முக்கால் அடி வீதம் 160-லிருந்து 3 அடியைக் கழித்து 157. அதைத் தடிமனாலும் உயரத்தாலும் பெருக்கினால் கன அளவு. கதவு ஜன்னலைக் கழியுங்கள். பூச்சில் 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னத் திறப்புகளைப் பல அளவீட்டு விதிகள் கழிப்பதில்லை, ஓரங்களைத் திருப்பிப் பூசும் வேலை அதை ஈடுகட்டிவிடும்.

செங்கல், காரையோடு சேர்த்து 20 × 10 × 10 செ.மீ. வரும் அளவு என்றால் ஒரு கன மீட்டருக்கு 500. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்க்கலாம். பழைய கட்டடத்தில் செங்கல் அளவே வேறாக இருக்கும், பூச்சு உதிர்ந்த இடத்தில் அளந்து பாருங்கள்.

கான்கிரீட்டில் 1:2:4 கலவையை எடுத்துக்கொள்வோம். ஈரமாகப் போட்டு இறுக்கிய 1 கன மீட்டருக்கு உலர்ந்த பொருள் 1.54 கன மீட்டர் வேண்டும். அதை 7-ஆல் வகுத்தால் சிமென்ட் 0.22 கன மீட்டர். கன மீட்டருக்கு 1,440 கிலோ என்ற கணக்கில் 317 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஆறேகால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல். மணல் 0.44, ஜல்லி 0.88.

கம்பி எடைக்கு எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம்: விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கம் செய்து 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ. வரைபடம் இல்லாதபோது ஸ்லாபுக்குக் கன அளவில் ஒரு சதவீதம் கம்பி என்று தோராயமாக எடுக்கலாம். இரும்பு கன மீட்டருக்கு 7,850 கிலோ, ஆக 1 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 78.5 கிலோ. பீமுக்கும் பில்லருக்கும் இதைவிடக் கூட வரும்.

சதுர_அடி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அஸ்திவாரம் தெரியாது. ஓர் ஓரமாகக் குழி தோண்டிப் பார்க்க வீட்டுக்காரர் விட்டால் பாருங்கள். விடாவிட்டால் மண்ணையும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களையும் வைத்து ஓர் ஆழத்தை ஊகித்து, "இது ஊகம்" என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

#8 சதுர_அடி

ஊகம் என்று எழுதினால் மேலே இருப்பவர் திருப்பி அனுப்புவார் சார். நடைமுறை அது.

#9 கரணை

திருப்பி அனுப்பட்டும். எழுதாமல் விட்ட ஊகம் கிளெய்ம் நேரத்தில் உண்மையாகிவிடும்.

#10 தூக்குக்குண்டு

கரணை கணக்கில் வந்தது கட்டடம் மட்டும். எரிந்த இடத்தில் முதல் செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே ஆகும் செலவுகளைத்தான் எல்லா மதிப்பீட்டிலும் மறக்கிறார்கள்.

இடிபாட்டை அகற்றணும். தீயணைக்க அடித்த தண்ணீரில் ஊறிய சாம்பலும் பாதி நிற்கும் சுவரும் சாதாரணக் குப்பை இல்லை. பழைய கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் இருந்தால் அதைக் கையாளத் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் உள்ள ஆட்கள் வரணும், செலவு எகிறும். பக்கத்துச் சுவருக்கு முட்டுக் கொடுக்கணும். பொறியாளர், வரைபடம், அனுமதிக் கட்டணம், தற்காலிக மின்சாரம், தண்ணீர், வரி, கான்ட்ராக்டரின் மேல்செலவும் லாபமும் எல்லாம் இதில் உண்டு. பொருளும் கூலியும் மட்டும் போட்ட எஸ்டிமேட்டில் இவை ஒன்றுமே இருக்காது. இடிபாட்டுக்கும் கட்டணங்களுக்கும் சில பாலிசிகளில் தனி வரம்பு வைத்திருப்பார்கள், சிலவற்றில் மொத்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். அதைப் பார்த்துத்தான் சேர்க்கணும், இல்லையென்றால் இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

#11 ஓட்டுவீடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் தொழில்காரன் இல்லை. என்னுடையது பழைய வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், கனமான மர உத்தரம், செதுக்கிய தூண்கள். அதே மாதிரி திரும்பக் கட்டும் செலவைப் போடுவார்களா, அல்லது சிமென்ட் பூச்சும் கான்கிரீட்டுமாக முடித்துவிடுவார்களா?

#12 ரசமட்டம்

நல்ல கேள்வி ஐயா. இரண்டும் தனித்தனிச் செலவு. அதே பொருளில் அதே வேலைப்பாட்டோடு அச்சு அசலாகக் கட்டுவது ஒன்று. அதே பயன்பாடுள்ள கட்டடத்தை இன்றைய பொருளில் கட்டுவது இன்னொன்று. சாதாரண பாலிசி பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நினைத்து எழுதப்பட்டிருக்கும். முதலாவது வேண்டும் என்றால் இன்சூர் செய்யும்போதே சொல்லி, தனி மதிப்பீடு போட்டு, பாலிசியில் எழுத்தில் வாங்கணும்.

அச்சு அசலாகக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 15-இல் கூரை எரிந்தது. ஓக் மரச் சட்டகம், ஈயத் தகடு, கூர்கோபுரம் எல்லாம் பழைய மாதிரியே திரும்பச் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓக் மரங்களைத் தேடி வெட்டி, கைக்கோடரியால் செதுக்கி, 2024 டிசம்பரில்தான் திறக்க முடிந்தது. வெறும் கூரை என்று பார்த்தால் இரும்புச் சட்டகத்தில் இதைவிடச் சீக்கிரம் முடித்திருக்கலாம். உங்கள் தூண்களுக்கும் அதே தர்க்கம்தான்: மரத்தின் விலை கொஞ்சம், அதைச் செதுக்கும் கை கிடைப்பதுதான் செலவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே பொருளை வைக்க நினைத்தாலும் சட்டம் விடாத இடங்கள் இருக்கின்றன. லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 தீயில் 72 பேர் இறந்தார்கள். வெளிப்புறத்தில் ஒட்டிய, தீப்பற்றக்கூடிய அலுமினியக் கலப்புத் தகடுகள் வழியாகத் தீ மேலே ஏறியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் உயரமான குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களுக்குத் தடை வந்தது. அப்படிப்பட்ட தகடு உள்ள கட்டடத்தை இன்று திரும்பக் கட்டினால் விலை கூடிய மாற்றுப்பொருள்தான் போட முடியும். பழைய படிக்கட்டின் அகலம், நிலநடுக்கக் கம்பி, வயரிங் எல்லாவற்றுக்கும் இதே கதை. புது விதிக்காக ஆகும் கூடுதல் செலவு பாலிசியில் தானாக அடங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#13 ஓட்டுவீடு

புரிந்தது. தூண்களை போட்டோ எடுத்து, அளவும் குறித்து வைக்கிறேன்.

#14 சதுர_அடி

சரி, பாதி தோற்றேன். ஆனால் பாதிதான். மூலைமட்டம் இந்த வருடம் அளவெடுத்துப் போடுகிறார் என்றே வையுங்கள். அடுத்த வருடம்? ஒவ்வொரு வருடமும் டேப்போடு போவாரா? அப்போது, கட்டுமானச் செலவு எவ்வளவு ஏறியது என்று காட்டும் குறியீட்டு எண்ணால்தான் பழைய தொகையைப் பெருக்கியாகணும்.

#15 தூக்குக்குண்டு

அதில் உடன்பாடுதான். ஒரு தடவை ஒழுங்காக அளந்துவிட்டால், நடுவில் சில வருடம் கட்டுமானச் செலவுக் குறியீட்டால் ஏற்றலாம். பொதுவான விலைவாசிக் குறியீட்டை மட்டும் எடுக்கவேண்டாம், அரிசி விலைக்கும் கம்பி விலைக்கும் சம்பந்தமில்லை. கட்டுமானக் குறியீடும் ஒரு கூட்டுச் சராசரிதான். 2020-21-இல் வட அமெரிக்காவில் அறுத்த மரத்தின் விலை ஓராண்டுக்குள் மூன்று நான்கு மடங்கு ஏறி, பிறகு சடாரென்று இறங்கியது. மரச்சட்ட வீட்டுக்கு அது பேரிடி, கான்கிரீட் வீட்டுக்குச் சின்ன அசைவு.

இன்னொன்று, இன்றைய விலையில் போட்ட தொகை போதாது. பாலிசி ஓராண்டு ஓடும், கடைசி வாரத்தில் தீப்பிடிக்கலாம். இடிபாடு, வரைபடம், அனுமதி என்று ஆறு மாதம். கட்ட ஒரு வருடம், செலவு சராசரியாக விழுவது அதன் நடுவில். ஆக இன்றிலிருந்து இரண்டு வருடம் தள்ளி இருக்கும் விலை வேண்டும். செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் 1.08 × 1.08, அதாவது 100 பங்கு 116.64 ஆகிவிடும்.

ஊரே சேதமானால் இந்தக் கணக்கும் உடையும். 2021 டிசம்பர் 30-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மார்ஷல் தீ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆளும் பொருளும் தேட, காப்பீட்டுத் தொகை கட்டும் செலவுக்குப் போதவில்லை என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. இதற்கென்று தொகையின் மேல் குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாகத் தரும் இணைப்பு கிடைத்தால் எடுக்கச் சொல்லலாம். மதிப்பீட்டிலேயே அதை ஏற்றிவைக்க முடியாது.

#16 மூலைமட்டம்

கணக்கு முடிந்தது. இடிபாடும் கட்டணங்களும் சேர்த்து, மூத்தவர் தொகையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. வங்கித் தொகைக்கு எங்கோ கீழே. வித்தியாசத்தில் பெரிய பங்கு தேய்மானம் கழிக்காததால் வந்தது, அடுத்தது தடுப்புச்சுவர். மூத்தவரிடம் காட்டினேன். தடுப்புச்சுவரை மட்டும் பேனாவால் வட்டமிட்டு, "இது கட்டடமா?" என்று கேட்டார். அஸ்திவாரம் பற்றியும் ஒரு சந்தேகம். தீயில் அஸ்திவாரம் எரியாதே, அதை விட்டுவிடலாமா?

#17 தூக்குக்குண்டு

தடுப்புச்சுவர், காம்பவுண்டு, தரைக்குள் இருக்கும் தொட்டி எல்லாவற்றையும் தனித்தனி வரியாக, தனித்தனித் தொகையோடு எழுதிக் கொடுங்கள். கட்டடத் தொகைக்குள் கரைத்துவிட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. சரிவு மனையில் அந்தச் சுவர் இல்லாமல் வீட்டைத் திரும்பக் கட்டவே முடியாது என்பதை மூத்தவரிடம் சொல்லிப் பாருங்கள்.

அஸ்திவாரத்தை விட்டுவிடச் சில பாலிசிகளில் இடம் உண்டு. நான் சேர்க்கத்தான் சொல்வேன். பாலிசி தீக்கு மட்டும் இல்லை, நிலநடுக்கமும் வெள்ளமும் அதில் இருந்தால் முதலில் போவதே அஸ்திவாரம்தான். தீ விஷயத்திலும் கண்ணுக்குத் தெரிவதை நம்ப முடியாது. பல வகை ஜல்லி போட்ட கான்கிரீட் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் இளஞ்சிவப்பாக மாறும், வலிமையும் குறைய ஆரம்பிக்கும். 600 டிகிரி வாக்கில் சூட்டோடு இருக்கும் கம்பிக்குப் பாதி பலம்தான். நிற்கிற பில்லரைத் துளையிட்டு கோர் (உருளை மாதிரி) எடுத்துச் சோதித்துவிட்டு இடிக்கச் சொன்ன கிளெய்ம்கள் உண்டு. மேலே எல்லாம் போய் அஸ்திவாரம் மட்டும் மிஞ்சினாலும், புது விதிப்படி வரும் கட்டடத்தின் பாரத்தை அது தாங்குமா என்று பொறியாளர் கையெழுத்துப் போடணும். சேர்க்காமல் விடுவதாக இருந்தால், விட்டிருக்கிறோம் என்று பாலிசியிலும் உங்கள் அறிக்கையிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கணும். இல்லாவிட்டால் சராசரிக் கணக்கு போடும்போது அவர்கள் அஸ்திவாரத்தையும் 100-க்குள் சேர்ப்பார்கள், உங்கள் தொகையில் அது இருக்காது.

#18 கரணை

அளவுத்தாளையும் போட்டோக்களையும் வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள் தம்பி. அந்த வீட்டுக்குள்ளேயே பீரோவில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள்.